இடம் மாறிய ரோஜா ஏன் பூப்பதில்லை?

ரோஜாச் செடியைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றேதான். பழைய இடத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்த செடி, புது இடத்துக்கு வந்த பிறகு இலை விடுகிறது, வளரவும் செய்கிறது, பூ மட்டும் இல்லை. அடுத்து வரும் கேள்வியும் ஒன்றேதான்: என்ன உரம் போடலாம்?

யாராவது இப்படிக் கேட்டால் நான் உரப் பேச்சையே எடுப்பதில்லை. கிளை நுனியில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். பலர் பார்த்திருக்க மாட்டார்கள். மொட்டு இல்லை என்பது தெரியும், மொட்டு இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. துளிரே வராமல் கட்டையாக நிற்கும் செடி ஒன்று. துளிர் வந்து, நுனி மொட்டு வைக்காமலே நின்றுபோன செடி ஒன்று. மொட்டு வைத்து அது கருகிப்போன செடி இன்னொன்று. தளதளவென்று வளர்ந்து ஆளே மாறிப்போன செடியும் உண்டு. நான்கையும் நாம் "பூக்கவில்லை" என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. ஒன்றுக்கு நல்லது செய்வது இன்னொன்றைக் கெடுத்துவிடும்.

முதலில் துளிரே வராத செடியைப் பார்ப்போம். செடியைத் தோண்டும்போது நம் கண்ணில் படுவது விரல் தடிமனுள்ள பழுப்பு வேர்கள். அவை பத்திரமாக வந்துவிட்டால் வேர் முழுசாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தத் தடித்த வேர்கள் செடியைத் தாங்கிப் பிடிக்கும், மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும், தண்ணீரை மேலே கடத்தும். மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் வேலை பெரும்பாலும் அவற்றுடையது இல்லை. அது சல்லிவேர்களின் நுனிப்பகுதியிலும், அங்கே இருக்கும் வேர்த்தூவிகளிலும் நடக்கிறது. வேர்த்தூவிகளோ வெறுங்கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு மெல்லியவை. மண்வெட்டி இறங்கும் இடத்துக்கு அப்பால் இருந்த நுனிகள் எல்லாம் பழைய குழியிலேயே தங்கிவிடும். மண்கட்டியோடு தூக்கினாலும், அந்தக் கட்டி எவ்வளவு பெரியதோ அவ்வளவு வேர்தான் நம்மோடு வருகிறது. மண்ணை உதறிவிட்டுத் தூக்கினால் அதுவும் இல்லை.

ஆக, புதுக் குழியில் நிற்கும் செடிக்கு மேலே இருக்கும் கிளைகள் அப்படியே இருக்கின்றன, கீழே தண்ணீர் எடுக்கும் வாய்கள் பெருமளவு போய்விட்டன. அது கையிருப்பை வைத்துக் குடும்பம் நடத்துகிறது. தண்டிலும் தடித்த வேரிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை எடுத்து முதலில் புது வேர் விட்டாக வேண்டும். இலைகள் வாடுவதும் உதிர்வதும் இந்தக் காலத்தில் சாதாரணம். துளிர் தாமதமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளைகளில் தூங்கும் கண்களை, அதாவது துளிர் கிளம்பும் முளைகளை, எழுப்பும் சைட்டோகைனின் என்ற வளரூக்கியின் ஒரு பங்கு வேர் நுனிகளில்தான் உண்டாகிறது. அது தண்ணீரோடு மேலே ஏறி வர வேண்டும். நுனிகள் குறைந்தால் அதுவும் குறைகிறது. செடி உயிரோடு இருந்தும் வாரக்கணக்கில் கட்டையாக நிற்பது இதனால்தான். சந்தேகமாக இருந்தால் தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் சரி, விட்டுவிடலாம். பழுப்பாகக் காய்ந்திருந்தால் அந்தக் கிளை அவ்வளவுதான். இன்னும் கீழே சுரண்டிப் பச்சை எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அங்கே வெட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில்தான் பலரும் உரம் போடுகிறார்கள். ரசாயன உரம் என்பது பெரும்பாலும் உப்புதான். வேரைச் சுற்றியுள்ள தண்ணீரில் உப்பு கூடினால் வேர் தண்ணீர் எடுப்பது இன்னும் கடினமாகும். புதிதாக முளைத்த வெள்ளை நுனிகள் கருகவும் செய்யும். வாயே இல்லாத செடிக்குச் சாப்பாடு போட்டு யாருக்கு லாபம்? மட்கிய தொழு உரமோ இலை மட்கோ மேல்மண்ணில் பரப்புவதில் தவறில்லை. மற்றதெல்லாம் புதுத் துளிர் வந்து, இலை விரிந்து, நிறம் பிடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கவாத்து, அதாவது கிளை வெட்டும் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. இடம் மாற்றும்போது செடியைப் பாதியாக வெட்டிவிடுங்கள், வேர் குறைந்த அளவுக்குக் கிளையும் குறைய வேண்டும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இலை குறைந்தால் தண்ணீர் வெளியேறுவதும் குறையும். ஆனால் புது வேர் விடத் தேவையான சர்க்கரை இலையிலிருந்துதான் வருகிறது. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற வளரூக்கியும் இளங்கிளை நுனிகளிலிருந்தும் துளிர்களிலிருந்தும்தான் கீழே இறங்குகிறது. மொத்தமாக மொட்டையடித்தால் இரண்டையும் நிறுத்தியதுபோல் ஆகும். நான் காய்ந்தவை, பென்சிலைவிட மெலிந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகியவற்றை எடுத்துவிடுவேன். நீண்டு காற்றில் ஆடும் கிளைகளைக் கொஞ்சம் குறைப்பேன். அதோடு சரி. வெறும் வேரோடு, மண்ணே இல்லாமல் வந்த செடி என்றால் மட்டும் இன்னும் தாராளமாக வெட்டலாம்.

இனி இரண்டாவது வகை. என் அனுபவத்தில் பெரும்பாலான புகார்கள் இதில்தான் வந்து சேர்கின்றன. செடி துளிர்த்துவிட்டது. கிளைகள் ஒரு சாண், இரண்டு சாண் என்று நீண்டுவிட்டன. ஆனால் மொட்டு இல்லை. அந்தக் கிளையின் நுனியை விரல்களுக்கு நடுவே பிடித்து, மேல் இலைகளைப் பிரித்து, முடிந்தால் பூதக்கண்ணாடியோடு பாருங்கள். வளரும் நுனி என்றால் இளஞ்சிவப்புக் கொழுந்து மடிந்து இருக்கும். மொட்டு வருவதாக இருந்தால் பச்சை மணி ஒன்று தெரியும். இது இரண்டும் இல்லாமல், கடைசி இலைக் காம்புக்குப் பக்கத்தில் கடுகின் கால்வாசி அளவுக்கு ஒரு பழுப்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் உதிரும். அதற்கு மேல் தண்டு இல்லை. தோட்டக்காரர்கள் இதைக் குருட்டுக் கிளை என்பார்கள்.

அந்தப் பழுப்புத் துணுக்கு என்ன தெரியுமா? கருவிலேயே நின்றுபோன பூ. திரும்பத் திரும்பப் பூக்கும் ரோஜா வகைகளில், புதுக் கிளை ஒவ்வொன்றும் பூவில் முடிவதுதான் இயல்பு. அதற்கு நீண்ட பகல் வேண்டும், குறுகிய பகல் வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் கிடையாது. கிளை சில சென்டிமீட்டர் நீள்வதற்குள் நுனியில் பூவின் கரு உருவாகிவிடும். அதன் பிறகு அதை வளர்க்கச் சர்க்கரை போதவில்லை என்றால், செடி அதைக் கைவிட்டுவிடும். அதாவது இந்தச் செடி பூக்காமல் இருக்கவில்லை. பூக்கத் தொடங்கி, கட்டுப்படியாகாமல் நிறுத்திக்கொண்டது.

சர்க்கரை போதாமல் போவதற்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவு. ரோஜாவுக்குத் தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். "வெளிச்சமான இடம்தான்" என்று பலர் சொல்வார்கள். நம் கண் வெளிச்சத்தை அளப்பதில் மிகவும் மோசமான கருவி, நிழலுக்கு உடனே பழகிவிடும். காலையிலிருந்து மாலைவரை மணிக்கொரு முறை போய், இலைமேல் வெயில் நேரடியாக விழுகிறதா என்று பார்த்துக் குறித்து வைப்பதே ஒரே வழி. ஒரு பருவத்தில் பார்த்தது இன்னொரு பருவத்துக்குப் பொருந்தாது. சூரியன் போகும் பாதை மாறும், பக்கத்துச் சுவரின் நிழல் நீளும், இலையுதிர்த்து நின்ற மரம் தழைத்துக்கொள்ளும். நட்ட அன்று நல்ல வெயில் அடித்த இடம், செடி மொட்டு வைக்க வேண்டிய நேரத்தில் பாதி நாள் நிழலில் இருப்பது சர்வ சாதாரணம். அந்த மரத்தின் வேர்கள் தண்ணீரைப் பிடுங்குவது தனிக்கதை.

வெளிச்சத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ரோஜாவின் கிளையில் இருக்கும் கண் துளிர்க்கவே வெளிச்சம் வேண்டும். மற்ற எல்லாம் இருந்தாலும் முழு இருட்டில் அது துளிர்க்காது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அடர்ந்து பின்னிக் கிடக்கும் செடியின் நடுப்பகுதி ஏன் எப்போதும் கட்டையாக இருக்கிறது என்பதற்கும் இது பாதி விடை.

குருட்டுக் கிளையை அப்படியே விட்டுவிட வேண்டாம். நுனியிலிருந்து கீழே வந்தால் மூன்று சிற்றிலை உள்ள இலைகள் முதலில் வரும், பிறகு ஐந்து சிற்றிலை உள்ளவை. இரண்டாவது ஐந்திலைக்குச் சற்று மேலே, கண் செடியின் வெளிப்பக்கம் பார்த்திருக்கும் இடமாகத் தேர்ந்து வெட்டுங்கள். நுனிக்குப் பக்கத்திலுள்ள மேல் கண்கள் பெரும்பாலும் மெலிந்த கிளையைத்தான் தரும், அதுவும் குருடாகப் போகலாம். கீழே தடித்த தண்டிலுள்ள கண்ணுக்குத்தான் வலு. வெட்டிய நாளிலிருந்து பூ விரிய வெயில் நாட்களில் ஏறக்குறைய 6 வாரம் ஆகும், குளிர்ந்த நாட்களில் 8 வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். மூன்றாம் வாரமே வந்து பார்த்துவிட்டு அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

முதல் மொட்டைக் கிள்ளிவிடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கிள்ளலாம், நான் கிள்ளுவேன். கடலை அளவு இருக்கும்போதே கிள்ளிவிட்டால் அந்தச் சர்க்கரை வேருக்கும் புதுக் கிளைக்கும் போகும். ஆனால் காத்திருந்து காத்திருந்து வந்த மொட்டைக் கிள்ளச் சொன்னால் பலருக்கு என் மேல் கோபம் வருகிறது. சரி, ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுங்கள் என்று சமரசம் செய்துகொள்வேன். செடி செத்துவிடாது.

தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிப்போனால் பூ குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கரும்பச்சையாகப் பெரிய பெரிய இலைகளும், சதைப்பிடிப்பான நீண்ட கிளைகளும், எண்ணிக்கையில் குறைந்த பூவும் இருந்தால் அதைச் சந்தேகப்படலாம். பக்கத்தில் புல்தரைக்குப் போடும் உரம் கசிந்து வருகிறதா என்றும் பாருங்கள். இதற்கு மாற்றாக மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கொட்டுவதும், பூ வரும் என்று எலும்புத்தூளைக் குழிக்குழியாக நிரப்புவதும் எனக்கு உடன்பாடில்லாத காரியங்கள். மணிச்சத்து மண்ணில் போட்ட இடத்தைவிட்டு அதிகம் நகராது. பல தோட்டங்களில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும். கூடினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிடைப்பது தடைப்படும், வேரோடு கூட்டுச் சேர்ந்து வாழும் பூஞ்சைகளும் குறையும். எலும்புத்தூள் கரைய அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும், கார மண்ணில் அது பாட்டுக்குக் கிடக்கும். மண்ணின் கார அமில நிலை (pH) 6 முதல் 6.5 வரை இருந்தால் ரோஜாவுக்கு நல்லது. புது இடத்து மண் 7.5, 8 என்று போனால் துளிர் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. அந்த இலையால் எங்கே சர்க்கரை செய்ய முடியும்? ஒரு மண் பரிசோதனை இந்த ஊகங்களையெல்லாம் முடித்துவைக்கும்.

அடுத்தது, கவாத்தே பூவை எடுத்துவிட்ட கதை. எல்லா ரோஜாவும் திரும்பத் திரும்பப் பூப்பது இல்லை. காலிகா, ஆல்பா போன்ற பழைய வகைகளும், காட்டு ரோஜாக்களில் மிகப் பலவும், கொடியாகப் படரும் ராம்ப்ளர்களும் ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டுமே பூப்பவை. அதுவும் சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளிலிருந்து வரும் சிறு கிளைகளில்தான் பூக்கும். இடம் மாற்றும்போது அந்தப் பழைய கிளைகளை வெட்டிவிட்டால் அந்த ஆண்டுப் பூ முழுவதும் குப்பையில். செடியிடம் குறையே இருக்காது, நாமோ நோய் தேடிக்கொண்டிருப்போம்.

ஆண்டு முழுவதும் பூக்கும் குணம் நம் தோட்டங்களுக்கு வந்தது சீனத்து ரோஜாக்களிலிருந்து. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவை ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான் அங்கே இந்தக் குணமுள்ள கலப்பினங்கள் பெருகின. 1867இல் பிரான்சில் வெளிவந்த 'லா பிரான்ஸ்' ரோஜாவை, நீண்ட காம்பில் பெரிய பூ தரும் ஹைப்ரிட் டீ வகையின் முதல் செடி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த தகவல் இதற்குப் பின்னால் இருக்கிறது. ரோஜாவில் பூப்பதை அடக்கிவைக்கும் மரபணு ஒன்று உண்டு, பருவம் முடிந்ததும் போதும் என்று நிறுத்துவது அதுதான். தொடர்ந்து பூக்கும் வகைகளில் அந்த மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொண்டு அதைச் செயலிழக்க வைத்துவிட்டது. 2012இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. நாம் பூச்செடி என்று கொண்டாடுவது, பிரேக் பிடிக்காத ஒரு ரோஜாவை!

ஏறு ரோஜாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை இடம் மாறினால் முதலில் உயரத்துக்குத்தான் செலவு செய்யும். நன்றாகப் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் எடுப்பது வழக்கம். நீண்ட கிளைகளைச் செங்குத்தாக விடாமல் படுக்கைவாட்டில் இழுத்துக் கட்டினால் நுனியின் ஆதிக்கம் குறைந்து வழிநெடுகக் கண்கள் துளிர்க்கும். வெட்டுவதைவிடக் கட்டுவதுதான் இங்கே வேலை.

ஆளே மாறிப்போன செடிக்கு வருகிறேன். விற்பனைக்கு வரும் ரோஜாக்களில் மிகப் பல ஒட்டுச்செடிகள். மேலே நமக்குப் பிடித்த வகை, கீழே வலுவான வேர்ச்செடி. இடம் மாற்றிய அதிர்ச்சியில் மேலே ஒட்டிய பகுதி தளர்ந்தோ செத்தோ போனால், வேர்ச்செடி சும்மா இருக்காது. அடியிலிருந்து தன் சொந்தக் கிளையை அனுப்பும். அது மற்றதைவிட வேகமாக, நேராக, வெளிர்பச்சையாக வளரும். "பாருங்கள், எவ்வளவு ஆரோக்கியம்!" என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். வேர்ச்செடிகளில் பல, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பழைய கிளையில் பூப்பவை, ஆகவே முதல் ஆண்டில் பூவே இருக்காது. வேர்ச்செடி மல்டிஃப்ளோரா என்ற காட்டு ரோஜா என்றால் பிறகு சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும். 1920இல் அறிமுகமாகி, பிறகு வேர்ச்செடியாகப் பரவிய 'டாக்டர் ஹூயி' என்றால் கருஞ்சிவப்பு. சிவப்பு ரோஜா வெள்ளையாகிவிட்டது, மஞ்சள் ரோஜா சிவப்பாகிவிட்டது என்று சொல்லப்படும் அதிசயங்களில் பெரும்பாலானவை இதுதான்.

ஏழு சிற்றிலை இருந்தால் வேர்ச்செடியிலிருந்து வந்த காட்டுக் கிளை, ஐந்து இருந்தால் நல்ல கிளை என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி வெட்டாதீர்கள். ஏழு சிற்றிலை விடும் அருமையான ரோஜாக்கள் ஏராளம். சரியான சோதனை கையால் செய்வது. அடித்தண்டைச் சுற்றியுள்ள மண்ணை விரலால் விலக்கிக்கொண்டே போனால் கணுபோல் புடைத்த இடம் தட்டுப்படும், அதுதான் ஒட்டு. சந்தேகக் கிளை அதற்கு மேலே கிளம்புகிறதா, கீழே கிளம்புகிறதா என்று தொட்டுப் பாருங்கள். மேலே என்றால் அது தங்கம், விட்டுவிடுங்கள். கீழே என்றால் காட்டுக் கிளை. மல்டிஃப்ளோராவுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இருபுறமும் ஒட்டியிருக்கும் இலையடிச் செதிலின் ஓரம் சீப்புப் பற்களாகக் கிழிந்திருக்கும். காட்டுக் கிளையைக் கத்தரியால் வெட்டினால் அடியிலிருக்கும் கண்கள் மறுபடி துளிர்க்கும். ஆகவே அது கிளம்பும் இடம்வரை மண்ணை எடுத்துவிட்டு, கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிட வேண்டும். ஒட்டுக்கு மேலே பச்சையே மிச்சமில்லை என்றால் அந்த ரோஜா போய்விட்டது. வேர்ச்செடியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

மொட்டு வந்து கருகுவதற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு ஒரு காரணம், பூச்சி இன்னொன்று. இதழ் ஓரம் பழுப்பாகி மொட்டு விரியாமல் நின்றால் அதைப் பிரித்து வெள்ளைத்தாளில் தட்டுங்கள். இலைப்பேன் என்றால் மெல்லிய கோடுகள்போல ஓடும். கடும் வெயிலில் பூ சிறுத்து, இதழ் குறைந்து வருவது நோயல்ல, வெப்பம் தணிந்தால் சரியாகும்.

இன்னும் ஒன்று, அதிகம் பேசப்படாதது. ஒரு ரோஜா பல ஆண்டுகள் நின்ற அதே குழியில் இன்னொரு ரோஜாவை வைத்தால் அது தேங்கிப்போகும். துளிர்க்கும், ஆனால் வளராது, பூக்காது. பழைய வேரை நம்பி மண்ணில் பெருகிய நூற்புழுக்களும் பூஞ்சைகளும் இதில் கைவரிசை காட்டுவதாகக் கருதுகிறார்கள். பழைய செடி அந்த மண்ணோடு பழகிவிட்டிருக்கும், புதிதாக வெட்டுப்பட்ட வேரால் தாக்குப்பிடிக்க முடியாது. வேறு இடமே இல்லை என்றால் ஒன்றரை அடி ஆழ அகலத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு ரோஜா வளராத பகுதியின் மண்ணைப் போட வேண்டும். எடுத்த மண்ணைக் காய்கறிக்குப் போடலாம், அதற்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவும் பார்த்த பிறகு காரணம் நிழல்தான் என்று தெரிந்தால், மறுபடி பெயர்ப்பதைத் தவிர வழியில்லை. ஒருமுறை பட்டது போதாதா என்று தயங்கி அதே நிழலில் வருடக்கணக்கில் வைத்திருப்பது செடிக்குச் செய்யும் உபகாரம் அல்ல. ஆனால் உடனே வேண்டாம். வளர்ச்சி அடங்கியிருக்கும் குளிர்ந்த பருவம் வரட்டும். முதலில் புதுக் குழியைத் தோண்டுங்கள். ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அது வடிந்ததும் இன்னொரு முறை நிரப்புங்கள். பல மணி நேரம் கழித்தும் தேங்கி நின்றால் அந்த இடமும் சரியில்லை, வேர் மூச்சுமுட்டி அழுகும். பெயர்ப்பதற்கு முந்தின நாளே செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள், மண்கட்டி உடையாமல் வரும். அடித்தண்டிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, சுற்றிலும் மண்வெட்டியை நேராக இறக்கி, கடைசியில் அடிப்பக்கம் வெட்டி, சாக்கின்மேல் நகர்த்தி இழுத்துக்கொண்டு போங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் கட்டி விட்டுப்போகும். பழைய ஆழத்திலேயே வையுங்கள். காலால் மிதித்து இறுக்க வேண்டாம், தண்ணீர் ஊற்றினாலே மண் அமர்ந்து காற்றுப் பொந்துகள் அடைபடும். மேலே இலை, வைக்கோல் போன்ற மூடாக்கு போடும்போது தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடம் விடுங்கள். உயரமான செடி என்றால் ஒரு குச்சியை ஊன்றிக் கட்டிவிடுவது நல்லது. காற்றில் அடித்தண்டு ஆடிக்கொண்டே இருந்தால், அப்போதுதான் மண்ணைப் பிடிக்கத் தொடங்கும் சல்லிவேர்கள் அறுந்துபோகும்.